மருந்து டேங்க்கில் தண்ணீர் சுமந்த சிங்கத்துக்கு

மச்சான், போன ஞாயிற்றுக்கிழமை உன் மருந்து டேங்க்கைப் பரணிலிருந்து இறக்கினோம். இறக்கினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது தானாகவே இறங்கி, என் இடது தோளில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, தரையில் உருண்டு போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது. செத்து இரண்டு வருடம் ஆகியும் என்னை அடிக்க நீ ஆள் வைத்திருக்கிறாயே என்று நினைத்துக்கொண்டேன்.

ஊட்டி காந்தல் வீட்டுக்கு உன் மகன் பிரபு வெள்ளையடிக்கிறான். அவன் பெண்டாட்டிக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. பரணில் இருப்பதையெல்லாம் இறக்கித் தரச் சொல்லி என் தங்கை சரசு, அதாவது உன் தர்மபத்தினி, எனக்கு உத்தரவு போட்டிருந்தாள். அறுபத்தாறு வயதில், இரண்டு முழங்காலும் ஆளுக்கொரு திசையில் போகிற நிலையில், இமயமலை ஏறுகிறவனைப் போல ஏணியில் ஏறினேன். எலி தின்ற கம்பளிக்குப் பின்னால் அது இருந்தது. தேயிலைக்குப் பூச்சி மருந்து அடிக்க முதுகில் மாட்டிக்கொள்கிற பழைய பித்தளை டேங்க். தோல்வார் அறுந்து தொங்கியது. பித்தளையில் பச்சை பூத்திருந்தது. விழுந்த வேகத்தில் மூடி தெறித்து, உள்ளேயிருந்து அந்த நாற்றம் வந்தது.

அழுகிய பூண்டையும் மண்ணெண்ணெயையும் ஒன்றாக அரைத்த மாதிரி ஒரு நாற்றம். முப்பத்திரண்டு வருடமாக அது வேறு எங்கும் போகவில்லை மச்சான். சொந்த வீட்டில் இருப்பது போல உள்ளேயே இருந்திருக்கிறது.

பிரபு டேங்க்கைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காந்தலில் இப்போது கோடைத் தண்ணீர்ப் பஞ்சம். குழாய் இருமுகிறதே தவிர எதையும் துப்புவதில்லை. தெருமுனைக்கு லாரி வந்தால்தான் தண்ணீர்.

“மாமா, இத நல்லாக் கழுவிட்டு லாரிக்குக் கொண்டுபோனா என்ன? இது முதுகுல. ரெண்டு கை சும்மாதான இருக்கும், அதுல ரெண்டு கொடம். ஒரே நடையில மூணு கொடத் தண்ணி வந்துரும்ல?”

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சரசுவின் கத்தி நின்றது.

“அதக் கீழ வைடா” என்றாள்.

கத்தவில்லை. ஆனால் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்த பையன்கூடக் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டான்.

ஆகையால், மகாகனம் பொருந்திய மச்சான் அவர்களே, தங்கள் வீர வரலாற்றைத் தங்களுக்கே ஒரு முறை எழுதி அனுப்புகிறேன். தாங்கள் சுவரில் மாலையோடு தொங்கிக்கொண்டிருப்பதால் குறுக்கே பேச முடியாது. எனக்கு அது வசதி.

தங்கள் மீசையிலிருந்து தொடங்குவதே முறை. ஒரு முனை கூடலூரிலும் மறு முனை குன்னூரிலும் ஊன்றியிருந்த மீசை அது. நடுவில் உள்ள ஊர்களுக்கெல்லாம் அதுதான் நிழல். மேகம் அதில் சிக்கிக்கொண்டு மழை பெய்ய முடியாமல் தவித்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு முதலில் உன் மீசை வரும். கொஞ்சம் பொறுத்து நீ வருவாய். கவாத்துக் கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நீ நிற்கிற தோரணையில், வெட்டப்போவது தேயிலைச் செடியை என்று யாரும் நம்பமாட்டார்கள். ஏதோ ஒரு நாட்டைப் பிடிக்கப் புறப்பட்ட மாதிரி இருக்கும்.

அந்த மாபெரும் படையெடுப்பு மதியம் ஒரு மணிக்கு முடிந்துவிடும். நம் தோட்டத்தில் ஆம்பளை வேலை என்பது அவ்வளவுதான். கவாத்து, மண் கிளறுகிற முள்ளுக்குத்து, மருந்தடிப்பு, எல்லாம் மதியத்தோடு சரி. பெண்கள் சாயங்காலம் ஐந்து மணி வரை கொழுந்து எடுத்து, நிறுத்துப் போட்டு, இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கோடு, வரிசை வீடான லயத்துக்கு ஏறி வருவார்கள். அதுவரை நாம் என்ன செய்தோம்? லயத்தை ஒட்டிய பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து சீட்டு விளையாடினோம். பீடி பிடித்தோம். உலகம் கெட்டுப்போவதைப் பற்றி வருத்தப்பட்டோம். நான்கு மணிக்கு மேல் பசி வந்ததும், இந்தப் பொம்பளைகள் எங்கே ஒழிந்தார்கள் என்று சலித்துக்கொண்டோம்.

சரசு வந்ததும் கூடையை இறக்குவாள். ஈரத்தை மாற்றமாட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்குவாள். நம் லயத்திலிருந்து ஊற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. எண்ணியவள் அவள்தான், நமக்கு அங்கே படி இருப்பதே தெரியாது. முதல் குடம் உனக்குக் குளிக்க. இரண்டாவது குடம் சோற்றுக்கு. மூன்றாவது குடம் எனக்கு, ஏனென்றால் என் வீட்டுக்காரி பிரசவத்துக்குத் தேவாலாவில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள், நான் அதே லயத்தில் மூன்று காம்பரா அறை தள்ளித் தனியாக இருந்தேன். ஆக, அந்த மலையின் இரண்டு பெரிய சிங்கங்களும் ஒரே பெண்ணின் இடுப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

நீ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “இந்தா” என்பாய். கொஞ்சம் பாசம் வந்தால் “ஏய்.” ஒரு நாள் நான் கேட்டேன், பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன என்று. நீ சொன்ன பதிலைக் கல்லில் செதுக்கி ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நட வேண்டும். “பேரச் சொல்லிப் பழகுனா மரியாத போயிரும்டா.” யாருடைய மரியாதை என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. என் மூளையும் உன் மூளையும் ஒரே அச்சில் வார்த்தவை; உன்னுடையதில் கொஞ்சம் மீசை அதிகம்.

அந்த வருடம் பனி கருக்கிய பிறகு மழையே இல்லை. ஊற்றில் தண்ணீர் நூலாக வந்தது. சரசு கொழுந்துக் காட்டில் சறுக்கி விழுந்து, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப் படுத்துவிட்டாள். இரண்டு நாள் பக்கத்துக் காம்பராப் பெண்கள் ஆளுக்கொரு செம்பு ஊற்றினார்கள். மூன்றாவது நாள் அவர்களுக்கே இல்லை.

அன்றைக்கு நீ செய்ததை நான் மறைக்கமாட்டேன். நீ குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்கினாய். யாரும் சொல்லவில்லை. நீயாகப் போனாய்.

மதியம் இரண்டு மணி இருக்கும். பாலத்துக் கட்டையில் நாங்கள் ஆறு பேர். கையில் சீட்டு. நீ படியேறி வந்துகொண்டிருந்தாய். குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாது, தலையில் வைக்கத் தெரியாது. அடுத்தவன் வீட்டுப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாய். முதலில் பார்த்தது நான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் என் வாய் ஃபாக்டரிச் சங்கைவிடப் பெரிது.

“எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா! புதுப்பொண்ணு தண்ணி மொண்டுகிட்டு வருது! எங்கடா ஆரத்தி?”

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். எப்படிப்பட்ட சிரிப்பு! எதிர் மலையில் படுத்திருந்த காட்டெருமை இரண்டு எழுந்து இடம் மாறிப் படுத்தன. அதைப் பின்னால் நூறு சபையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மற்ற ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் எழுந்து குலவை போட்டான்.

நீ நின்றாய். உன் காது இரண்டும் செம்பருத்திப் பூவாக ஆயின. பிறகு குடத்தை ஓரத்துச் சாக்கடைக் கானில் கவிழ்த்தாய். நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி வந்த தண்ணீர். கீழே நூலாகச் சொட்டுவதைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அது சரிவில் ஓடி மண்ணில் காணாமல் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, எங்களைப் பார்த்துச் சொன்னாய்: “பூன விழுந்த தண்ணி. கொட்டத்தான் எடுத்துட்டு வந்தேன்.”

எந்தப் பூனை மச்சான்? கொட்டுவதற்காகக் குடம் நிறைய மொண்டு மலையேறி வருகிற மனிதனை உலகம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வெறுங்குடத்தோடு நீ உள்ளே போனாய். உள்ளே வாய் வறண்டு படுத்திருந்தவள் என் கூடப்பிறந்தவள். நான் அடுத்த சீட்டை இறக்கினேன்.

மறுநாள் நீ ஒரு மாபெரும் கண்டுபிடிப்போடு வந்தாய். அப்போது தேயிலையைத் தின்கிற செஞ்சிலந்திப் பூச்சிக்கு மருந்தடிக்கிற பருவம், நீ மருந்துக் கூட்டத்தில் இருந்தாய். மூக்கில் துணி, முதுகில் இதே பித்தளை டேங்க், கையில் பம்ப்புத் தண்டு. போருக்குப் போகிற நடையில் அதே பாலத்துக் கட்டையைக் கடந்தாய். யாரும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்கள்? மருந்து டேங்க் ஆம்பளைச் சாமான்.

நான் பின்னாலேயே வந்து கேட்டேன். “இன்னிக்கு மருந்தடிப்பு முடிஞ்சிருச்சே மச்சான், இத எங்க கொண்டுபோற?”

நீ துணியை விலக்கி, காதோடு காதாகச் சொன்னாய். “தண்ணிடா. வாய மூடு.”

நான் உனக்கு சல்யூட் அடித்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அடித்தேன். “ஒன் மூளைக்கு மூணு மலைய எழுதி வெக்கலாம்டா!” என்றேன். ஒரு குடத் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு ராஜதந்திரம் என்று பெயர் வைத்துப் பாராட்டிய உலகத்தின் முதல் முட்டாள் நான்தான்.

மூன்று தடவை அலசினேன் என்று பிறகு சொன்னாய். அலசியிருப்பாய். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு தம்ளரைக்கூடக் கழுவாதவனுக்கு எது கழுவியது, எது கழுவாதது என்று எப்படித் தெரியும்? டேங்க்கின் அடியில் தங்கும், பம்ப்புக் குழாய்க்குள் தங்கும் என்று பாத்திரம் தேய்க்கிற எந்தப் பெண்ணும் பார்த்த உடனே சொல்லியிருப்பாள். நீ யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தண்ணீர் கொண்டுவந்தது தெரிந்துவிடுமே.

சரசு குடித்தாள். ஒரு மணி நேரத்தில் வாந்தி. வாயிலிருந்து எச்சில் நிற்காமல் ஒழுகியது. அந்தக் குளிரில் உடம்பெல்லாம் வியர்வை. நல்லவேளை, மூன்று வயதுப் பிரபு அன்றைக்குப் பக்கத்து லயத்தில் இருந்தான். நீயும் நானும் கம்பளியின் இரண்டு முனையைப் பிடித்து அவளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவளைத் தூக்குவதற்கு மட்டும் நமக்கு வெட்கமே வரவில்லை, கவனித்தாயா? பத்துப் பேர் பார்க்கத்தான் ஓடினோம்.

கம்பவுண்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, நம் மீசைக்கு முன்னால் ஒரு தீக்குச்சி மாதிரி நிற்பார். அவளுடைய கண்ணை விலக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க, என்னத்தச் சாப்ட்டாங்க?”

“சோறு” என்றாய்.

“அப்புறமுங்க?”

“கருவாடு.”

“மருந்து கிருந்து ஏதாச்சும் உள்ளாற போச்சுங்களா? மறைக்காமச் சொல்லுங்க, அதுக்குத் தனி ஊசிங்க. தெரியாமப் போட முடியாதுங்க.”

நீ கூரையைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். காலண்டரில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. சொன்னால் டேங்க்கில் தண்ணீர் வந்த கதை சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஏன் டேங்க்கில் என்று கேட்பார்கள். நீ வாயைத் திறக்கவில்லை. உனக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும், நானும் திறக்கவில்லை. என் தங்கை கட்டிலில் துடித்துக்கொண்டிருந்தாள், நாம் இரண்டு பேரும் கௌரவமாக நின்றுகொண்டிருந்தோம்.

“தண்ணி எங்கீங்க எடுத்தீங்க?” என்று அவர் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது சரசுதான் சொன்னாள். பல் கிட்டிப்போயிருந்தது. “டேங்க்கு... அவரு டேங்க்குல...”

கம்பவுண்டர் ஊசியை எடுக்க ஓடினார். போட்டு முடித்து, ஜீப்புக்குச் சொல்லிவிட்டு, நம்மிடம் திரும்பினார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“ஏனுங்க, இந்த மீசைக்குக் கீழ வாய்னு ஒண்ணு இருக்குதுங்களா, இல்லீங்களா? இன்னும் அர மணி நேரம் உங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னிருந்தா, அம்மிணி போயிருப்பாங்க.”

குன்னூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்து அவள் பிழைத்து வந்தாள்.

அதற்கு அப்புறமாவது நீ திருந்தினாய் என்று எழுத எனக்கும் ஆசைதான். நீ என்ன செய்தாய்? கருவாட்டின் மேல் பழியைப் போட்டாய். கெட்டுப்போன கருவாடு என்று லயம் முழுக்கச் சொல்லி, தலையில் கூடையோடு மலையேறி வருகிற அந்தக் கருவாட்டுக்கார அம்மாவை ஒரு மாதம் உள்ளே விடவில்லை. நான் உனக்குச் சாட்சி. அந்த அம்மா மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். சரசு கால் ஊன்றிய அன்றைக்கே குடத்தை எடுத்தாள். நீ “இந்தா, வெந்நி” என்றாய். மீசைக்கு எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொண்டாய்.

பிளாஸ்டிக் டேங்க் வந்து, பழையதைத் தோட்டத்தில் கழித்துப் போட்டபோது, இதை நீ கேட்டு வாங்கி வந்தாய். காந்தலுக்குக் குடிவந்தபோதும் கொண்டுவந்து பரணில் ஏற்றினாய். எதற்கு என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நினைவுச் சின்னமோ, தண்டனையோ, பித்தளை என்பதாலோ. உன்னைப் பற்றி நல்லதாக ஒன்று நினைக்க வேண்டும் என்றால் இந்த ஒரு இடம்தான் இருக்கிறது. அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கடைசி ஆறு மாதம் உன்னைப் பிரபுதான் குளிப்பாட்டினான். டூரிஸ்ட் வண்டியை நிறுத்திவிட்டு மதியம் வருவான். வெந்நீர் வைப்பான், குழந்தையைத் தூக்குவது போல உன்னைத் தூக்குவான், இடுப்புக்குக் கீழே துடைப்பான், மூக்கைச் சுளிக்கமாட்டான். ஒரு நாள் அவன் வாளியை எடுக்க வெளியே போன நேரம் நீ என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னாய். “பய பொம்பள மாதிரி ஆயிட்டான்டா.” உன் உடம்பில் அவன் போட்ட சோப்பு நுரை இன்னும் கழுவப்படாமல் இருந்தது மச்சான். அந்த நுரைக்காவது வெட்கம் வந்திருக்கும்.

அந்தப் பயல் மட்டும் என்ன, சொக்கத் தங்கமா? சப்பாத்தி தேய்த்தால் ஒரு சப்பாத்திக்கு மூன்று போட்டோ. பெண்டாட்டிக்குக் கால் பிடித்துவிட்டால் ஊருக்கெல்லாம் வீடியோ. நாம் செய்யாததை மறைத்தோம், இவர்கள் செய்ததை மறைப்பதில்லை. ஆனால் சப்பாத்தி வெந்திருக்கிறது. அதைச் சாப்பிட்டு யாரும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சரசு கீழே வை என்றதும் பிரபு சிரித்தான். “ஏம்மா, அப்பா சாமானத் தொட்டாக் கூடாதா? அப்பா கெத்தும்மா. ஒரு தம்ளர் தூக்கினதுண்டா வீட்டுல? சிங்கம்ல? நான்தான் இங்க கொடந்தூக்கி.”

பெருமையாகச் சொன்னான் மச்சான். உன்னைக் குளிப்பாட்டிய அதே கையைத் தட்டிச் சொன்னான். நீ போன பிறகும் உன் மீசை அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறது என்று அப்போது புரிந்தது.

சரசு கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உன் மருமகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். சரசு நடந்ததை முழுவதும் சொன்னாள். காலையில் என்ன குழம்பு வைத்தாள் என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நடுவில் ஒரு இடம் எனக்கும் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது.

“வாயில வெச்ச ஒடனே தெரிஞ்சிருச்சு, மருந்துன்னு” என்றாள்.

பிரபு நிமிர்ந்தான். “அப்புறம் ஏம்மா குடிச்ச?”

“கல்யாணமாகி ஆறு வருசம். அன்னிக்குத்தான் மொத மொதல்ல ஒரு தம்ளர் தண்ணிய மொண்டு எங்கையில குடுத்தாரு. நாறுதுன்னு சொன்னா இனிமே கொண்டாரவே மாட்டாருன்னு நெனச்சேன். முழுசாக் குடிச்சேன்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “எதுக்க ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரா, அதனால ரெண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடிச்சேன்.”

பிரபு டேங்க்கைப் பார்த்தான், சுவரில் உன் படத்தைப் பார்த்தான். உன் மீசை அப்போதும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தது.

“கொடத்துலயே கொண்டாந்தா என்னா? யாரு என்னா சொல்லப்போறா?” என்றான்.

அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. குடம் தூக்கினால் யாராவது சிரிப்பார்கள் என்பது அவன் தலையில் ஏறவில்லை. முப்பத்திரண்டு வருடமாக நான் பாதுகாத்து வைத்திருந்த ரகசியம் அவனுக்கு ஒரு விடுகதைக்குக்கூட ஆகாது.

“நாந்தான்டா சிரிச்சேன்” என்றேன். “மொத நாளு கொடத்துலதான் கொண்டாந்தான் ஒங்கப்பன். பாலத்துக் கட்டையில ஒக்காந்து நான் சிரிச்சேன். கொட்டிட்டான்.”

நான் சரசுவைப் பார்த்தேன். அவள் அழுவாள், திட்டுவாள், வெங்காயக் கத்தியை எடுத்து வருவாள் என்று நினைத்தேன்.

“தெரியும்ணே” என்றாள்.

“எப்படி?”

“காட்டெரும எந்திரிச்சுப் போச்சுன்னு நீதான ஊரெல்லாம் சொல்லுவ? எதுத்த மலைக்குக் கேட்டது, படுத்துக் கெடந்த எனக்குக் கேக்காதா? நடுவுல ஒரு தகரந்தான இருந்துச்சு.”

மச்சான், நான் என் வாழ்நாளில் வாயடைத்துப் போனது அந்த ஒரு தடவைதான். கம்பவுண்டர் கேட்டபோது அடைத்தது கணக்கில் வராது. அது நானாக மூடியது.

“அப்புறம் எதுக்கு இத்தன வருசமா எனக்கு டீ போட்டுக் குடுத்த?” என்று கேட்டேன்.

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். “ஒனக்குப் போடத் தெரியுமா?”

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. பிரபு எழவில்லை. டேங்க்கின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் மூலையில் இருந்த பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யாரும் தடுக்கவில்லை, அதிலும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

வரிசையில் ஆணும் பெண்ணும் கலந்து நின்றார்கள். அறுபத்தாறு வயது வேட்டிக்காரன் முதல் முறையாகக் குடத்தோடு வந்து நிற்கிறானே, வானம் இடிய வேண்டாமா, தொட்டபெட்டா ஒரு அடி நகர வேண்டாமா? ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பதற்கு ஒரு நாய்கூட இல்லை. இவ்வளவுதானா மச்சான்? இதற்காகவா அவ்வளவும்?

நிறைகுடத்தைத் தூக்கியதும்தான் தெரிந்தது. நானும் அதை முன்னால் நீட்டிப் பிடித்திருந்தேன். அச்சு அசல் உன்னை மாதிரி. பின்னால் நின்ற ஒரு பெண் கூப்பிட்டாள்.

“ஏனுங்க பெரியவரே, இடுப்புல வைங்க. கொழந்தைய வெச்சுக்குவோம்ல, அந்த மாதிரி.”

நான் குழந்தையையும் இடுப்பில் வைத்ததில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வைத்துப் பார்த்தேன். வழுக்கியது. ஏற்றத்தில் ஒரு பக்கம், வாசற்படியில் ஒரு பக்கம் என்று பாதித் தண்ணீர் கொட்டி, வேட்டி முழங்கால்வரை நனைந்தது.

வீட்டில் சரசு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். குடத்தை இறக்கினேன். தம்ளரைத் தேடி எடுத்து, கழுவி, இன்னொரு தடவை கழுவி, மொண்டு அவள் கையில் கொடுத்தேன். எதிரில் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

அவள் உடனே குடிக்கவில்லை. தம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகுதான் குடித்தாள்.